சத்தம் குறைத்து வைத்த டிவி

சத்தத்தை முழுவதுமாகக் குறைத்துவிட்ட பிறகும் பழைய டிவிப் பெட்டிக்கு ஒரு சத்தம் இருந்தது. காதருகே ஒரு கொசு வந்து நின்றுவிட்டதுபோல மெல்லியதாக, விடாமல், ஒரே சுருதியில் அது இழுத்துக்கொண்டே இருக்கும். கண்ணாடிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் முன்கை மயிரெல்லாம் எழுந்து நிற்கும், தூசி காய்கிற ஒரு சூட்டு வாசனை வரும். பெரியவர்களின் காதுக்கு அந்தச் சத்தம் எட்டாது என்று பின்னாளில் யாரோ சொன்னார்கள். எட்டியிருந்தால் எங்கள் அப்பா அதையும் நிறுத்தச் சொல்லியிருப்பார்.

இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவை பஸ் ரோட்டிலிருந்து செங்குத்தாக ஏறிப் போகும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில், பத்துக் காம்பரா ஒட்டினாற்போல் வரிசையாக நிற்கும் லயத்தில் நான்காவது காம்பரா எங்களுடையது. காம்பரா என்றால் ஓர் அறை, அவ்வளவுதான். முன்னால் 'இஸ்தோப்பு' என்று நாங்கள் சொல்லும் சின்ன முன்கட்டு, பின்னால் அடுப்படி. அந்த ஓர் அறைக்குள் கட்டில், அரிசி வாளி, சாமிப்படம், என் புத்தகப்பை, மாமா புதுசு வாங்கியபோது எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போன பதினான்கு அங்குல டிவி எல்லாம் இருந்தன. பகல் முழுவதும் அதே அறையில் என் அப்பாவின் தூக்கமும் இருந்தது.

அப்பாவுக்கு 'ஸ்டோரு'வில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இரவு வேலை. பகலில் பறித்த கொழுந்து ராத்திரியெல்லாம் மேல்மாடியில் வாட, விடிவதற்குள் அதை இறக்கி உருட்டு மெஷினுக்குக் கொடுக்க வேண்டும். அவரோடு வேலை பார்த்த ஒருவர் ஒருநாள் நின்றபடியே கண் அசந்து இரண்டு விரல்களை மெஷினுக்குக் கொடுத்துவிட்டார் என்பது எங்கள் வீட்டில் சாமிக்கதையைவிட அதிகமாகச் சொல்லப்பட்ட கதை. "பகல்ல தூங்கலைன்னா ராவுல கை போயிரும் பாப்பா" என்று அப்பா என்னிடம் சாதாரணமாகத்தான் சொல்வார். எனக்கு அது சாதாரணமாக இருந்ததில்லை. அவர் தூங்கும்போது நான் அவருடைய விரல்களை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

காலையில் அம்மா கொழுந்து பறிக்கப் பேர் கொடுக்கும் 'பெரட்டு'க்குக் கிளம்பும் நேரத்தில்தான் அப்பா வீடு திரும்புவார். இருவரும் வாசலில் சந்தித்து, என் தம்பி தினேஷைக் கைமாற்றிக்கொள்வார்கள். தினேஷுக்கு அப்போது நாலு வயது. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் 'பிள்ளைக்காம்பரா' தோட்டத்தில் இருக்கத்தான் செய்தது; ஆனால் அதன் சுவர் மழைக்காலத்தில் ஊறிப்போயிருக்கும், அங்கே போய்வந்தாலே தம்பிக்கு இழுப்பு வந்துவிடும் என்று அம்மா அவனை அனுப்புவதை நிறுத்திவிட்டாள். ஆகவே காலை எட்டு மணியிலிருந்து நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் இரண்டு மணி வரைக்கும் அந்த அறையில் தூங்குகிற ஒரு தகப்பனும் விழித்திருக்கிற ஒரு பிள்ளையும் இருந்தார்கள். கட்டில் இருந்தும் அப்பா கட்டிலில் படுக்கமாட்டார். வாசற்படிக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுப்பார், அவரைத் தாண்டாமல் பிள்ளை வெளியே போக முடியாதல்லவா. பிள்ளை தாண்டாமல் இருப்பதற்காக டிவியைப் போட்டுவிடுவார். தான் தூங்குவதற்காகச் சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

இப்படித்தான் என் தம்பி ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் சத்தமில்லாத டிவி பார்க்கிற பிள்ளை ஆனான். யாரும் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவல்ல அது. சுவரின் ஈரம், பெரட்டின் நேரம், மெஷினின் பல், அறையின் அளவு எல்லாம் சேர்ந்து எங்களுக்காக எடுத்த முடிவு. அம்மாவிடம் யாராவது கேட்டால் கொஞ்சம் பெருமையாகவே சொல்வாள், "சத்தம் வச்சாத்தானே புள்ள கெட்டுப்போகும்? எங்க வீட்டுல படம் மட்டுந்தான் ஓடுது."

டிவி மட்டுமா ஊமையாக ஓடியது? பகலில் நாங்களும் அப்படித்தான் ஓடினோம். அப்பா உறங்கும் நேரத்தில் வாயைத் திறக்கக்கூடாது என்பதால் எங்கள் வீட்டுக்கென்று ஒரு கைப்பேச்சு உண்டாகியிருந்தது. உள்ளங்கைகளைத் தட்டிக் காட்டினால் ரொட்டி. கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் தேத்தண்ணி. கொழுந்துக்கூடையின் கயிறு அம்மாவின் தலையில்தான் தொங்கும் என்பதால் நெற்றியிலிருந்து உச்சிக்குக் கையை இழுத்தால் அம்மா. இரண்டு கைகளையும் புத்தகமாக விரித்தால் நான். கன்னத்தில் கைவைத்துச் சாய்ந்தால் அது அப்பா. தூக்கம் என்பதற்கும் அப்பா என்பதற்கும் எங்களிடம் ஒரே சைகைதான் இருந்தது. தினேஷுக்கு மட்டும் சைகை கிடையாது. அவனை எங்கே என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை, அவன் எப்போதும் டிவிக்கு முன்னால்தான் இருந்தான்.

அந்தக் கைப்பேச்சில் எங்கள் எல்லாரையும்விடக் கெட்டிக்காரன் அவன். சத்தமில்லாத நாடகங்களைப் பார்த்துப் பார்த்து முகத்தாலேயே எல்லாம் சொல்லப் பழகியிருந்தான். மாமியார் முறைப்பதும், மருமகள் முந்தானையால் கண்ணை ஒற்றுவதும், போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றுவதும் அவனிடம் அச்சு அசலாக இருக்கும். பக்கத்துக் காம்பரா மல்லிகா சின்னம்மா மாலையில் அவனை இஸ்தோப்பில் நிறுத்தி நடிக்கச் சொல்வார், லயமே கூடிநின்று சிரிக்கும். "என்னமா நடிக்கிறான் பாரேன், இவன் பெரிய ஆளா வருவான்" என்பார்கள். நாங்களும் சிரித்தோம். நாலு வயதுப் பிள்ளை இன்னும் 'அம்மா' என்றுகூடத் தெளிவாகச் சொல்லவில்லை என்பதை அந்தச் சிரிப்பு நன்றாக மூடி வைத்திருந்தது.

இந்த இடத்தில் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை அப்பா அம்மாவின் மேல் பழி போடுவதாகிவிடும். எனக்கு அப்போது பத்து வயது, ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பாஸ் பண்ணினால் ஹட்டனில் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தபிறகு தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியது நான். நான் என்ன செய்தேன்? இரண்டு மணிக்கு ஓடிக்கொண்டிருந்த டிவியை ஐந்து மணிவரை ஓடவிட்டேன். அவன் திரும்பிப் பார்த்தால் ஒரு ரொட்டித்துண்டை நீட்டுவேன், அவன் வாங்கிக்கொண்டு மறுபடி டிவிப் பக்கம் திரும்புவான், நான் மறுபடி கணக்குக்குத் திரும்புவேன். எங்கள் இருவருக்கும் அது மிகவும் வசதியாக இருந்தது. தம்பி தொந்தரவே பண்ணாதவன் என்று டீச்சரிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

அந்த வசதியைக் கலைத்தது ஒரு பெயர். லயத்துப் பிள்ளைகள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் விளையாடும்போது யாரோ ஒருவன் "ஊமையன் வாரான்டோய்" என்று கத்த, அது ஒட்டிக்கொண்டது. எங்கள் பக்கம் பட்டப்பெயர் லேசில் போகாது. சின்ன வயசில் ஒருமுறை வழுக்கி விழுந்தவர் அறுபது வயதிலும் 'வழுக்கி'தான். அம்மா அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று கூடையைக்கூட இறக்காமல் இஸ்தோப்பில் அப்படியே நின்றாள். "தை பொறந்தா புள்ளய ஸ்கூலுக்குப் போடணும். அந்தப் பேரோட அவன் ஸ்கூலுக்குப் போகக்கூடாது" என்றாள். அவள் சொன்னது அப்பாவிடமா என்னிடமா சாமிப்படத்திடமா என்று தெரியவில்லை. ஆனால் அந்த வீட்டில் அதற்குப்பிறகு ஒரே ஒரு காரியம்தான் இருந்தது: தைக்குள் அவன் பேச வேண்டும்.

டிஸ்பென்சரியில் காட்டி, அங்கிருந்து துண்டுச்சீட்டு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனோம். அம்மா அரைநாள் பேரை, அதாவது அரைநாள் சம்பளத்தை, விட்டுவிட்டு வந்திருந்தாள், துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டாள். டாக்டரம்மா சிங்களவர், பொறுமையான மனுஷி. தினேஷுக்குப் பின்னால் போய்ச் சட்டென்று கை தட்டினார். அவன் திரும்பிப் பார்த்து, கண்ணை உருட்டி, கன்னத்தில் கைவைத்துக் காட்டினான். யாரோ தூங்குகிறார்கள், தட்டாதே என்று அர்த்தம். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கும் அம்மாவுக்கும் புரிந்தது, நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"காது நல்லாருக்கு" என்றார் டாக்டரம்மா, தனக்குத் தெரிந்த தமிழில். "டிவி எவ்வளவு நேரம் பாக்கிறான்?"

"கொஞ்ச நேரந்தாங்க மிஸ்" என்றாள் அம்மா.

நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். ஆறும் மூன்றும் ஒன்பது. கணக்கில் கெட்டிக்காரியான நான் வாயைத் திறக்காமல் நின்றேன். "டிவி வேணாம். புள்ளகிட்ட பேசணும். நெறைய பேசணும். ஒவ்வொரு புள்ளயும் ஒவ்வொரு மாதிரி, டிவி மட்டுந்தான் காரணம்னு நான் சொல்லல. ஆனா பேசாத வீட்டுல புள்ள எப்பிடிப் பேசும்?" என்று அவர் சொன்னபோது அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பஸ்ஸில் திரும்பும்போது அந்தத் தலையாட்டல் நின்றுபோயிருந்தது. "பேசு பேசுன்னா எங்க வச்சுப் பேசுறது?" என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள்.

மறுநாள் காலை பெரட்டுக்குக் கிளம்புமுன் அம்மா டிவியின் வயரைப் பிடுங்கி மாவு டின்னுக்குள் ஒளித்து வைத்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். தினேஷ் வெறும் பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்து, கண்ணாடியைத் தட்டி, பிறகு ஓலமிடத் தொடங்கினானாம். பேசத் தெரியாத பிள்ளைக்கு அழ எவ்வளவு நன்றாகத் தெரியும் என்பது அன்று லயத்துக்கே தெரிந்தது. அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு நடந்தார், பிஸ்கட் கொடுத்தார், அதட்டினார், கடைசியில் தானும் உட்கார்ந்துவிட்டார். அன்று தூக்கமில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் அப்பா வலக்கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தார்.

விரல் போகவில்லை, நடுவிரல் நகம் நசுங்கியிருந்தது, அவ்வளவுதான். "ஒண்ணுமில்ல, கொஞ்சம் அசந்துட்டேன்" என்றார். அம்மா அடுப்படிக்குப் போய் மாவு டின்னைத் திறந்து, வயரை எடுத்து, மாவைக்கூடத் துடைக்காமல் கொண்டுவந்து செருகினாள். டிவி எரிந்தது, தினேஷ் அடங்கினான். அன்று அம்மா பெரட்டுக்குப் பிந்திவிட்டாள், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் ஏச்சு வாங்கினாள். போகும்போது படியில் நின்று என்னைப் பார்த்து, "எனக்கு ரெண்டும் வேணும்டி. அவரு கையும் வேணும், இவன் வாயும் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு நின்றபடி அழுதேன், கோபத்தில்தான். டிவியின் மேல் கோபப்படுவதா, ஸ்டோரின் மேல் கோபப்படுவதா என்று தெரியாத கோபம்.

அன்றைக்கு வகுப்பில் எதுவும் காதில் ஏறவில்லை. யோசித்துக்கொண்டே இருந்ததில் ஒன்று மட்டும் புரிந்தது: தினேஷ் பேசாததற்குக் காரணம் அவனால் முடியாதது மட்டுமில்லை, அவனுக்குத் தேவையில்லை. அவன் கட்டைவிரலை அசைத்தால் நான் தேத்தண்ணி கொண்டுவருகிறேன். புருவத்தை உயர்த்தினால் அம்மா ரொட்டி கொண்டுவருகிறாள். நாங்கள் எல்லாரும் அவனை அவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டிருந்தோம். அப்படியானால் நான் இனிமேல் புரியாதவளாக இருக்கப்போகிறேன் என்று முடிவெடுத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. பத்து வயதில் நான் எடுத்த அந்த முடிவில் எவ்வளவு சரி, எவ்வளவு கொடுமை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எடுத்த முடிவை விடவில்லை என்பது மட்டும் தெரியும்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் டிவியை நிறுத்தி, அப்பாவைத் தாண்டி, தினேஷை இடுப்பில் தூக்கிக்கொண்டு கீழே பீலியடிக்கு இறங்கினேன். மலையிலிருந்து வரும் தண்ணீரைத் தகரத் தொட்டிக்குள் விழவைத்திருக்கும் இடம் அது. பகலில் அங்கே ஆளிருக்காது, தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் எவ்வளவு கத்தினாலும் லயத்துக்குக் கேட்காது. அங்கே உட்கார்ந்து நான் பேசினேன். என்னத்தைப் பேசினேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். சமூகக்கல்வி, சுற்றாடல், பதினாறாம் வாய்ப்பாடு என்று பரீட்சைக்குப் படிக்க வேண்டியதையெல்லாம் அவனிடம் கதைபோலச் சொன்னேன். காலையில் அவன் பார்த்த நாடகத்தை நடித்துக்காட்டச் சொல்லி, அந்த முகங்களுக்கெல்லாம் வசனம் போட்டேன். மாமியாருக்கு ஒரு குரல், மருமகளுக்கு ஒரு குரல். அவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். அந்த ஆட்களெல்லாம் பேசுகிறவர்கள் என்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

சைகைக்கு மட்டும் நான் மசியவில்லை. முதல் நாள் அவன் கட்டைவிரலைச் சாய்த்தான். நான் கொண்டுபோயிருந்த தேத்தண்ணிப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னது? எனக்கு வெளங்கல" என்றேன். மறுபடி சாய்த்தான். "வெளங்கல தினேஷ். வாயால கேளு." அவன் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. ஊரிலிருந்த ஒரே சிநேகிதக்காரி திடீரென்று பாஷையை மறந்துவிட்டாள் என்று அவன் நினைத்திருப்பான். பிறகு அடித்தான், கடித்தான், சேற்றில் புரண்டான். பக்கத்திலேயே தண்ணீர் ஓடுகிறது, என் தம்பி தாகத்தில் அழுகிறான், நான் போத்தலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். விறகுக்கு வந்த மல்லிகா சின்னம்மா அதைப் பார்த்துவிட்டு, "அடிப் பாவி, ஏண்டி புள்ளயப் போட்டு இந்தப் பாடுபடுத்துற? ஒனக்குப் பைத்தியமா?" என்று போத்தலைப் பிடுங்கி அவனுக்குக் கொடுத்தார். அன்று நான் தோற்றேன். மறுநாள் மல்லிகா சின்னம்மா விறகுக்கு வராத பக்கமாகப் பார்த்து, இன்னும் கீழே, ரோட்டு வளைவுக்குப் போனேன்.

மழை நாள்களில் தலையில் ஒரு உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு போனோம். எனக்குச் சளி பிடித்தது, அவனுக்கு இழுப்பு வருமோ என்று பயந்து நெஞ்சில் காதுவைத்துக் கேட்டுக்கேட்டுக் கூட்டிப்போனேன். இரண்டு கிழமை கழித்து ஒருநாள் கட்டைவிரலைச் சாய்த்துவிட்டு, நான் அசையவில்லை என்று கண்டதும், முகத்தைச் சுளித்துக்கொண்டு "ண்ணி" என்றான். நான் முழுப் போத்தலையும் கொடுத்தேன். அதற்கப்புறம் "ட்டி" வந்தது, "க்கா" வந்தது. ஆனால் அதெல்லாம் ரோட்டு வளைவில் மட்டும்தான். படியேறி வீட்டுக்குள் வந்ததும் அவனுடைய வாய் மூடிக்கொள்ளும், கை பேசத் தொடங்கும். அம்மாவிடம் சொன்னால் நம்பவில்லை. "நீயா எதையாச்சும் கேட்டுக்கிட்டுச் சொல்லாத" என்றாள், ஆசைப்பட்டு ஏமாறப் பயந்தவளாக.

பரீட்சை வந்தது, எழுதினேன், வெட்டுப்புள்ளிக்கு ஏழு புள்ளி குறைவு. அந்த மாலைகளில் ஒழுங்காக உட்கார்ந்து படித்திருந்தால் ஏழு புள்ளி வந்திருக்குமா? வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அதைப்பற்றி எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய். பல வருஷம் ஹட்டன் பஸ்ஸைக் கண்டாலே எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனாலும் முடிவு வந்த மறுநாளும் நான் தினேஷைத் தூக்கிக்கொண்டு வளைவுக்கு இறங்கினேன். தைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

கார்த்திகை மாசத்து ஒரு பிற்பகல், மழை விட்டு வெயில் முகம் காட்டிய நேரம். நாங்கள் இருவரும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தோம், அப்பா உள்ளே நல்ல தூக்கம். பாணும் பணிஸும் விற்கும் பேக்கரி ஆட்டோ அந்தக் கிழமைதான் முதன்முதலாக எங்கள் லயம் வரைக்கும் ஏறி வந்தது. டவுனில் அதன் பாட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும். மணியடிப்பதுபோல ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப, மலை எதிரொலிக்க அலறவிட்டுக்கொண்டு வரும். அது எங்கள் வாசலுக்கு நேரே வந்து நின்றது. நான் கையை ஆட்டி நிறுத்தச் சொல்லுமுன் தினேஷ் ஒரு செருப்போடு முற்றத்தில் குதித்து ஓடினான். ஆட்டோவுக்கு முன்னால் போய் நின்று, கன்னத்தில் கைவைத்துக் காட்டினான். பாண்காரர் சிரித்தார். மறுபடி காட்டினான். அவர் "பணிஸ் வேணுமா பபா?" என்று கேட்டார்.

அவருக்கு விளங்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை, என்னைப்போல நடிக்கவில்லை.

"சத்தம் போடாத!" என்று தினேஷ் கத்தினான். "சத்தம் போடாத! அப்பா தூங்குது!"

லயத்தின் இரண்டு மூன்று கதவுகள் திறந்தன. எங்கள் கதவும் திறந்தது. அப்பா சாரத்தைப் பிடித்துக்கொண்டு, சிவந்த கண்ணோடு வாசலில் நின்றார். தூக்கத்தைக் கெடுத்ததற்கு இன்றைக்கு அடி நிச்சயம் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. பாண்காரர் பயந்துபோய்ப் பாட்டை நிறுத்தியிருந்தார். அப்பா அவரைப் பார்த்து விரலைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினார். மறுபடி போடு, பாட்டை மறுபடி போடு என்று. அந்த மனுஷன் குழம்பிப்போய்ப் பாட்டைப் போட்டார். தினேஷுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! இரண்டு காலையும் ஊன்றி நின்று, "சத்தம் போடாதன்னு சொன்னேன்ல!" என்று தொண்டை கிழியக் கத்தினான். அப்பா படியில் உட்கார்ந்துவிட்டார். "இன்னொரு தரம் சொல்லு ராசா. அப்பா தூங்கல. இன்னொரு தரம் சொல்லு" என்றார். அன்று அவர் திரும்பப் படுக்கவில்லை. மாலையில் அம்மா வந்தபோது மல்லிகா சின்னம்மாதான் முந்திக்கொண்டு ஓடிப்போய்ச் சொன்னார், அம்மா கூடையோடு ஓடிவந்தாள்.

சந்தோஷம் அடங்கியபிறகுதான் எனக்கு உறைத்தது. ரோட்டு வளைவில் நான் எத்தனையோ கதைகளை அவனுக்குள் போட்டேன். ஆனால் முழு வாக்கியமாக அவன் முதலில் எடுத்தது, பிறந்த நாளிலிருந்து நாங்கள் அவனுக்கு அதிகமாகச் சொன்ன வாக்கியத்தை. அவனிடம் நாங்கள் வாய்விட்டுப் பேசிய பேச்சே அவ்வளவுதான். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை நான் டிவிப் பெட்டியின் தலையில் போட்டுத் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை, இன்றைக்கும் விரும்பவில்லை.

தை மாசம் தினேஷ் ஸ்கூலுக்குப் போனான், சொந்தப் பெயரோடு போனான். கொஞ்சம் திக்கினான், பிறகு அதுவும் போயிற்று. இன்று தலவாக்கலையில் ஒரு போன் திருத்தும் கடையில் வேலை செய்கிறான். அதிகம் பேசுகிறவன் இல்லை; பேசினால் வேண்டியதைப் பேசுவான். அந்த ஸ்டோரு மூடி வருஷங்களாகிவிட்டன, எங்கள் மலைக் கொழுந்து லொறியில் ஏறி வேறு எங்கோ போகிறது. பத்து விரலோடும் ஓய்வுபெற்ற அப்பா இப்போது இரவில் தூங்குகிறார். நாங்கள் கண்டுபிடித்த கைப்பேச்சு எங்கள் நாலு பேரோடு நின்றுவிட்டது, எங்களுக்கே பாதி மறந்துவிட்டது.

நான் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு முன்பள்ளியில் டீச்சர். போன மாதம் எங்களுக்கு ஒரு படிவம் வந்தது. பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போன், டிவி பார்க்கிறது என்று பெற்றோரிடம் கேட்டு நிரப்ப வேண்டும். கூடினால் புத்திமதி சொல்ல வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் தாய்மார் தலையைக் குனிந்துகொண்டு "கொஞ்ச நேரந்தாங்க டீச்சர்" என்றார்கள். அந்தப் பதில் எனக்கு நன்றாகத் தெரிந்த பதில். ஆகவே படிவத்தின் அடியில் பேனாவால் இன்னொரு கேள்வியை எழுதினேன்: "அந்த நேரத்தில் வீட்டில் யார் யார் என்ன செய்துகொண்டிருப்பார்கள்?" முப்பத்திரண்டு படிவத்திலும் கையால் எழுதினேன். வந்த அதிகாரி, "இது நாங்க கேக்காத கேள்வி டீச்சர், இதப் போட எடமில்ல" என்றார். "எடம் இல்லாட்டி பின்பக்கம் எழுதுவாங்க சேர்" என்றேன். அவர் அழிக்கச் சொன்னார். நான் அழிக்கவில்லை.

எழுதினார்கள். பின்பக்கம் நிறைய எழுதினார்கள். அப்பா கொழும்பில், அம்மா கொழுந்தில், மாமியார் படுக்கையில் என்று ஒருவர். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது மட்டும் என்று ஒருவர். லயத்துக்கு முன்னால் மண் சரிந்து கிடப்பதால் வெளியே விடப் பயம் என்று ஒருவர். இவன் போன் இல்லாமல் ஒரு நிமிஷமும் இருக்கமாட்டான், ஆனால் இவனுடைய அண்ணன் போனைத் தொடவேமாட்டான், ஏன் என்று விளங்கவில்லை என்று ஒருவர். 'மூத்த மகள் பரீட்சைக்குப் படிக்கிறாள்' என்று ஒருவர். அந்தப் படிவத்தைக் கொஞ்ச நேரம் தனியாக வைத்துக்கொண்டேன். இவர்களில் யாருக்கும் நான் ஒரே புத்திமதியைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் போகப்போகிறேன், சனிக்கிழமைகளில், ஒன்றொன்றாக.

கடைசிப் படிவம் என் மகளுடையது. அவளும் என் வகுப்பில்தான் இருக்கிறாள். நேற்று மாலை சமையல் மேசையில் உட்கார்ந்து அதை நிரப்பினேன். எத்தனை மணி நேரம் என்ற இடத்தில் பொய் சொல்லாமல் மூன்று என்று எழுதினேன். அடுத்த அறையில் அவள் என் போனோடு இருந்தாள். பகலில் தூங்க வேண்டியவர்கள் இந்த வீட்டில் யாரும் இல்லை, அறைகள் மூன்று இருக்கின்றன, சுவர்கள் காய்ந்திருக்கின்றன. ஆனாலும் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. நான் எழுதிய கேள்விக்கு வந்தேன். 'அம்மா மற்றப் பிள்ளைகளின் படிவங்களை வாசித்துக்கொண்டிருப்பாள்' என்று எழுதினேன். எழுதியதைத் திரும்ப வாசித்தேன்.

எழுந்து போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "என்னடி நடக்குது அதுல? அம்மாவுக்கு வெளங்கல, சொல்லு" என்றேன். அவள் போனைத் தாழ்த்திவிட்டு என்னை ஒருமுறை பார்த்தாள், நிஜமாகத்தான் கேட்கிறேனா என்று. பிறகு சொல்லத் தொடங்கினாள். ஒரு முயலைப்பற்றி, அந்த முயலின் பெரியம்மாவைப்பற்றி, முன்னுக்குப் பின் முரணாக, முடிவே இல்லாமல் சொல்லிக்கொண்டே போனாள். அடுப்பில் பருப்பு அடிபிடிக்கும் வாசனை வந்தது. பிடித்தால் பிடிக்கட்டும் என்று நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.